ஐபிஎஸ்: டென்ஷனா, சாப்பாடா? ஒவ்வொன்றாக நிறுத்தியும் வயிறு அடங்கவில்லை

படிக்கட்டு

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

டாக்டர் ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) என்று சொல்லி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்தால் அடிவயிற்றில் முறுக்கும். போய்விட்டு வந்து செருப்பை மாட்டினால் மறுபடி முறுக்கும். எத்தனை முறை போனாலும் முழுதாகப் போன திருப்தி இல்லை. மீட்டிங் அறை நிசப்தமாக இருக்கும்போதுதான் வயிறு கடமுடா என்று சத்தம் போடும். அதை மறைக்க நாற்காலியை இழுப்பேன், காகிதத்தைப் புரட்டுவேன், வராத இருமலை வரவழைப்பேன். வெளியூர்ப் பயணம் என்றால் முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி.

ஸ்கோப் நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். "டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எப்படிக் குறைப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

சரி, நம் கையில் இருப்பது சாப்பாடுதானே என்று அதில் இறங்கினேன். முதலில் பால். பிறகு கோதுமை. பிறகு வெங்காயம், பூண்டு, பருப்பு, பழங்கள், காபி. இப்போது தட்டில் மிச்சம் இருப்பது அரிசி, முட்டை, கேரட். அப்படியும் போன வாரம் ஒரு பிரசென்டேஷனுக்கு முன்னால் அதே கதை.

இது டென்ஷனா, சாப்பாடா? சாப்பாடு என்றால் இன்னும் எதை நிறுத்துவது? நிறுத்த ஒன்றும் பாக்கி இல்லை.

தேன்சிட்டு

அந்தச் செருப்பு மாட்டுற இடம் இருக்கே, அப்படியே என் கதை. 😔 ஒண்ணு கேக்கணும். லீவு நாள்ல எப்படி இருக்கு? அதே அரிசி முட்டைதானே அன்னிக்கும்?

கடுகு

படிக்கட்டு, பதிலுக்கு முன்னால் சில கேள்விகள். இவற்றைத் தாண்டாமல் சாப்பாட்டையும் மனசையும் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

மலத்தில் ரத்தம் உண்டா? தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடவைக்கிறதா? காய்ச்சல், ரத்தசோகை? வீட்டில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய், சிலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் நோய்), குடல் அழற்சி நோய் இருந்ததா? எடை குறைந்திருக்கிறதா? இதில் எதற்காவது 'ஆமாம்' என்றால் அதை ஐபிஎஸ் கணக்கில் எழுதிவிட்டு உட்காரக் கூடாது. ஐம்பது வயதை ஒட்டி முதல்முறையாக ஆரம்பிக்கும் வயிற்றுப் பிரச்சினையும் அப்படித்தான்.

இன்னொன்று. "எல்லாம் நார்மல், அதனால் ஐபிஎஸ்" என்பது பழைய பாணி. ஐபிஎஸ்ஸை எப்படி உறுதிசெய்வது என்று நிபுணர்கள் வகுத்து 2016இல் வந்த ரோம் 4 வரையறை தெளிவாகவே இருக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அதோடு மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும்: வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையது, போகும் தடவை மாறியிருக்கிறது, மலத்தின் தன்மை மாறியிருக்கிறது. தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலியே இல்லாமல் வெறும் வயிற்றுப்போக்கு என்றால் அது வேறு பக்கம் தேட வேண்டிய விஷயம்.

சிலியாக் ரத்தப் பரிசோதனை எடுத்தீர்களா? எடுத்தபோது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா?

படிக்கட்டு

தேன்சிட்டு, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். லீவு நாளில் பாதிதான் இருக்கும். நீண்ட விடுமுறை என்றால் மூன்றாம் நாளிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

கடுகு சார், ரத்தம் இல்லை, இரவில் எழுப்புவதில்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை. மலப் பரிசோதனையில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சி இருந்தால் கூடும் புரதம்) நார்மல். வலி இருக்கிறது, போனால் குறையும். எடை குறைந்திருக்கிறது, ஆனால் சாப்பாடே குறைந்துவிட்டதே. சிலியாக் பரிசோதனை எடுத்தபோது கோதுமையை விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. ஏன், அதில் ஏதாவது சிக்கலா?

கடுகு

சிக்கல்தான். அந்தப் பரிசோதனை தேடுவது குளூட்டனுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்பொருள்களை. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் அவை இறங்கிவிடும், சிலியாக் இருந்தாலும் 'இல்லை' என்று வரலாம். குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் கோதுமை சாப்பிட்ட பிறகு எடுத்தால்தான் நம்பலாம். டாக்டரிடம் இதைச் சொல்லி மறுபடி எடுங்கள். எடை குறைந்ததையும் சொல்லுங்கள். காரணம் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அவர் குறிப்பில் அது இருக்க வேண்டும்.

நேர்கோடு

லீவு நாளில் சரியாகிவிடுகிறது என்றால் முடிந்தது. எல்லாம் மனசுதான். அரிசி முட்டை கேரட் என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு தைரியமாக எல்லாவற்றையும் சாப்பிடுங்கள். நினைப்புதான் வியாதி.

தேன்சிட்டு

நேர்கோடு சார், உங்களுக்கு இது வந்ததில்லைன்னு தெரியுது. தைரியமா இருன்னு சொன்னா பெருங்குடல் கேக்குமா?

கடுகு

நேர்கோடு சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆட்களை வருடக்கணக்கில் அலைய வைக்கிறது.

பெருங்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்க்கும் சோதனையை 1973லேயே செய்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு 'ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது' என்ற அளவு விரிவிலேயே ஐபிஎஸ் உள்ளவர்களில் பலருக்கு வலி வந்துவிட்டது. குடல் நரம்புகள் கூர்மையாகிவிட்டன, மூளையும் அந்தச் செய்தியைப் பெரிதாக வாங்கிக்கொள்கிறது. குடலில் தனக்கென்று ஒரு நரம்பு மண்டலம் உண்டு. உடம்பிலுள்ள செரட்டோனினில் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குடல் பகுதியில்தான் இருக்கிறது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோவதுதான். பதற்றம் வந்தால் மூளை விடும் ஹார்மோன்கள் பெருங்குடலின் அசைவை நிஜமாகவே வேகப்படுத்துகின்றன. இதில் 'நினைப்பு' எங்கே வந்தது?

காலை நேரம் மோசமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. எழுந்ததும் பெருங்குடல் சுறுசுறுப்பாகும். முதல் உணவு வயிற்றில் விழுந்ததும் இன்னொரு உந்துதல் வரும். காபி அதைக் கூட்டும். இவ்வளவும் எல்லோருக்கும் நடப்பதுதான். அதன்மேல் அலுவலகக் கவலையும் ஏறினால் உங்கள் செருப்புக் கதை.

மழைக்காலம்

எனக்கு ஆரம்பித்தது டென்ஷனிலும் இல்லை, சாப்பாட்டிலும் இல்லை. கடுமையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்தது. அது போய்விட்டது, வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குடல் தொற்றுக்குப் பிறகு வரும் ஐபிஎஸ் என்று இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு கனடாவில் வாக்கர்ட்டன் என்ற ஊரில் குடிநீர் மாசுபட்டு ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது, தொற்று வந்தவர்களிடம் ஐபிஎஸ் கணிசமாக அதிகம் இருந்தது. தொற்று வந்த சமயத்தில் மனக்கலக்கம் இருந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல் என்றும் இந்த வகை ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படிப் பார்த்தால் இது எந்தக் கணக்கில் வரும் சொல்லுங்கள்.

படிக்கட்டு, உங்களுக்கு ஆரம்பம் எப்படி என்று ஞாபகம் இருக்கிறதா?

படிக்கட்டு

வேலை மாறிய சமயம். அதற்கு முன்னால் ஒரு ஃபுட் பாய்சனும் உண்டு. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அரைக்கரண்டி

உணவு ஆலோசனைதான் என் தொழில். படிக்கட்டின் தட்டைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

தம்பி, நீங்கள் செய்திருப்பது மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான குறை ஃபாட்மேப் உணவுமுறையின் முதல் பாதி. அதையும் முரட்டுத்தனமாகச் செய்திருக்கிறீர்கள். ஃபாட்மேப் என்று சொல்வது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில வகை கார்போஹைட்ரேட்டுகளை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியா நொதிக்க வைத்து வாயு உண்டாக்கும். எல்லோருக்கும் இது நடக்கிறது. குடல் கூர்மையாக இருப்பவருக்கு அதே வாயு வலியாகிறது. கோதுமை, வெங்காயம், பூண்டில் ஃப்ரக்டான், பருப்பு வகைகளில் கேலக்டான், பாலில் லாக்டோஸ், ஆப்பிள் மாம்பழம் தேனில் கூடுதல் ஃப்ரக்டோஸ், காளான் காலிஃபிளவரில் மானிட்டால், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சார்பிட்டால்.

நிறுத்துவது இரண்டிலிருந்து ஆறு வாரம் மட்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் அந்த வழி உங்களுக்கானது இல்லை, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். தெரிந்தால் உடனே திரும்பச் சேர்க்கும் கட்டம். ஒரு வகையை எடுத்து மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்ப்பது, நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி, பிறகு அடுத்த வகை. கடைசியில் பெரும்பாலானோருக்குத் தொந்தரவு தருவது ஒன்றிரண்டு வகைதான், அதுவும் ஓர் அளவுக்கு மேல் போனால்தான். இந்த இரண்டாம் கட்டத்தைத்தான் ஆட்கள் செய்வதே இல்லை. முதல் கட்டத்திலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவுக்கும் இந்த நொதிக்கும் பொருள்கள்தான் சாப்பாடு. அதைப் பட்டினி போட்டால் பைஃபிடோபாக்டீரியா குறைவதை ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். கால்சியம், நார்ச்சத்து எல்லாம் அப்புறம்.

ஒவ்வொரு வாய்க்கும் பயப்படுவது இன்னொரு தொல்லை. பயந்துகொண்டே சாப்பிட்டால் அரிசியும் வலிக்கும். போன வாரம் உங்களுக்கு நடந்தது அதுதானோ என்னவோ.

கோதுமை ஒத்துக்கொள்ளாத பலருக்குக் குளூட்டன் காரணமே இல்லை, ஃப்ரக்டான்தான் காரணம். அதனால் சிலியாக் இல்லை என்றால் கொஞ்சம் கோதுமை தாங்கும். நீண்ட நேரம் புளிக்கவைத்த ரொட்டி இன்னும் நன்றாகத் தாங்கும். லாக்டோஸ்தான் பிரச்சினை என்றாலும் நன்கு முதிர்ந்த கெட்டிப் பாலாடைக்கட்டியில் அது மிகக் குறைவு. பூண்டு வாசனைக்கு ஏங்குகிறீர்களா? ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் சமைக்கலாம். ஆனால் குழம்பில் வேகவிட்டுவிட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தால் பலனில்லை, அது ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருக்கும். அந்த எண்ணெயைப் புதிதாகச் செய்யுங்கள், பூண்டு போட்டு வெளியில் நாள்கணக்கில் வைத்தால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும்.

வெள்ளைப்பூனை

வழக்கம்போல எல்லோரும் ஓடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். போகவே போகாத எங்களைப் பற்றி யாராவது நினைத்தீர்களா? 😼 நார்ச்சத்து சாப்பிடு என்றார்கள், கோதுமைத் தவிட்டை அள்ளிப் போட்டேன். பலூன் மாதிரி வீங்கியதுதான் மிச்சம்.

அரைக்கரண்டி

தவிடு கரையாத நார், பல ஐபிஎஸ்காரர்களுக்கு அது உபத்திரவம்தான். கரையும் நாரான இசப்கோலுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது, மலச்சிக்கல் வகைக்கும் வயிற்றுப்போக்கு வகைக்கும். கால் கரண்டி, அரைக் கரண்டி என்று ஆரம்பித்து வாரக்கணக்கில் மெல்லக் கூட்ட வேண்டும், போதிய தண்ணீரோடு. முதல் நாளே முழு அளவு போட்டுவிட்டு 'எனக்கு ஒத்துவரலை' என்பவர்கள் நிறைய. பச்சைக் கிவிப் பழம் தினம் இரண்டு, மலச்சிக்கலுக்கு உதவுவதாகச் சோதனைகள் உண்டு. கழிப்பறையில் காலுக்குக் கீழே சிறு முக்காலி வைத்து முழங்கால் இடுப்புக்கு மேல் வருகிற மாதிரி உட்கார்ந்து பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

நலம்தரும்_பொடி

என் உறவினர் பத்து வருட ஐபிஎஸ்ஸிலிருந்து ஒரே மாதத்தில் முழு விடுதலை!!! இயற்கைப் பொடி. விவரத்துக்கு [இணைப்பு நீக்கப்பட்டது]

நெறியாளர்

விற்பனை இணைப்பு நீக்கப்பட்டது. மறுபடி போட்டால் கணக்கும் நீக்கப்படும்.

கடுகு

நீக்கியது நல்லது. ஆனால் அந்த உறவினருக்கு நிஜமாகவே குறைந்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் ஒரு சோதனை நடந்தது. எண்பது ஐபிஎஸ் நோயாளிகள். ஒரு பாதிக்கு மருந்தே இல்லாத மாத்திரையை, 'இதில் மருந்து இல்லை' என்று சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் என்று சொன்னவர்கள் அவர்களில் 59 சதவீதம், எதுவும் கொடுக்காத பாதியில் 35 சதவீதம். ஐபிஎஸ்ஸில் எந்தப் பொடியும் கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும். அதனால்தான் எனக்குச் சரியானது என்ற சாட்சியை வைத்து எதையும் வாங்கக் கூடாது. உணவு ஒவ்வாமைக்கு என்று நூறு பொருளைப் பட்டியல் போட்டு ஐஜிஜி (ஒரு வகை எதிர்பொருள்) ரத்தப் பரிசோதனை விற்கிறார்களே, அதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதை வைத்துச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

நேர்கோடு

நான் சொன்னது இங்கே யாருக்கும் பிடிக்கவில்லை, பரவாயில்லை. ஆனால் ஹிப்னோதெரபியால் (அறிதுயில் சிகிச்சை) ஐபிஎஸ் சரியாகிறது என்று படித்திருக்கிறேன். அது மனசு இல்லாமல் வேறென்ன?

கடுகு

இந்தக் கேள்வி நல்ல கேள்வி. 1984இல் மான்செஸ்டரில் வார்வெல் குழு இதை முதலில் சோதித்தது, எதற்கும் மசியாத கடும் ஐபிஎஸ்காரர்களிடம். நல்ல பலன். அதைவிட இங்கே நடக்கும் பேச்சுக்குப் பொருத்தமானது 2016இல் மோனாஷிலேயே நடந்த சோதனை. ஃபாட்மேப் உணவுமுறையை உருவாக்கிய அதே இடம் என்பதைக் கவனியுங்கள். ஒரு குழுவுக்கு அந்த உணவுமுறை, ஒரு குழுவுக்குக் குடலைக் குறிவைக்கும் ஹிப்னோதெரபி, மூன்றாவது குழுவுக்கு இரண்டும். ஆறு வாரம் கழித்து மூன்று குழுவிலும் பத்துக்கு ஏழு பேர் அளவில் முன்னேற்றம். சாப்பாட்டுக் குழுவும் மனசுக் குழுவும் ஒரே அளவு. இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

சின்னச் சோதனைதான், எழுபது சொச்சம் பேர். ஆனால் 'டென்ஷனா, சாப்பாடா' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. குடலிலிருந்து மேலே போகும் செய்தியைக் குறைத்தாலும் சரி, மேலே அதை வாங்கும் இடத்தை அமைதிப்படுத்தினாலும் சரி, வலி குறைகிறது. எந்தப் பக்கம் உங்களுக்குச் சுலபமோ அங்கே ஆரம்பிக்கலாம். படிக்கட்டு சாப்பாட்டுப் பக்கம் போகிற தூரம் எல்லாம் போய்விட்டார். இன்னொரு பக்கம் தொடவே இல்லை.

தேன்சிட்டு

அந்த இன்னொரு பக்கத்துல நான் கொஞ்ச தூரம் போயிருக்கேன், சொல்றேன். சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திப் பார்க்கிற உளவியல் சிகிச்சை) தெரிஞ்ச ஒரு உளவியலாளர்கிட்ட போனேன். அவங்க என் வயித்தைப் பத்தி அதிகம் கேக்கவே இல்லை. வயித்துக்காக நான் என்னென்ன செய்றேன்னு கேட்டாங்க. கதவுக்குப் பக்கத்து சீட்டுதான் எடுப்பேன். பையில மாத்துத் துணி. போற வழியில எங்கெங்க டாய்லெட்னு மனசுல ஒரு வரைபடம். கிளம்புறதுக்கு முன்னால 'காலி பண்ணணும்'னு வராட்டாலும் உட்கார்ந்து முக்குறது. இதெல்லாம் என்னைக் காப்பாத்துதுன்னு நெனச்சேன். நாள் பூரா வயித்தையே கவனிக்க வச்சுது, அவ்வளவுதான். ஒவ்வொண்ணா விடச் சொன்னாங்க, சுலபமானதுலேர்ந்து. முதல்ல சீட்டு. அப்புறம் ரெண்டாவது தடவை டாய்லெட் போறது. மாத்துத் துணி இன்னும் பையில இருக்கு, அதை விட மனசு வரலை. 😄

மூச்சுப் பயிற்சி: வயிறு மேலெழும்புற மாதிரி மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா விடணும். வலி வந்தப்புறம் ஆரம்பிச்சா எனக்கு வேலைக்காகலை. நல்லா இருக்கிற நேரத்துல பழகி வச்சாத்தான் கிளம்புற நேரத்துல கைகொடுக்குது.

படிக்கட்டு

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வரைபடம் என்னிடமும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். டாக்டர் ஒரு தடவை அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார். கூகுளில் தேடினால் மனச்சோர்வு மாத்திரை என்று வந்தது, வாங்கவே இல்லை. யாராவது எடுத்திருக்கிறீர்களா?

மழைக்காலம்

நான் எடுக்கிறேன். இரவில் 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைப்போலப் பல மடங்கு. இந்தச் சிறிய அளவில் நோக்கம் குடல் நரம்பு வலியைத் தணிப்பது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் மூலம் 463 பேரிடம் நடத்திய அட்லாண்டிஸ் சோதனை 2023இல் வெளியானது. 10இல் ஆரம்பித்துத் தேவைக்கேற்ப 30 வரை. வெற்று மாத்திரையை விட நன்றாகவே வேலை செய்தது. வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும், எனக்கு முதல் சில வாரம் அப்படித்தான். மலச்சிக்கலும் வரும், வெள்ளைப்பூனை ஜாக்கிரதை. வயிற்றுப்போக்கு வகைக்கு அதுவே ஓரளவு சாதகம். இதய நோய் உள்ளவர்கள், வேறு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

பயண நாளுக்கு லோப்பரமைடு ஓட்டத்தை நிறுத்தும், வலிக்கு உதவாது. குடலில் போய்க் கரையும் பெப்பர்மின்ட் எண்ணெய்க் கேப்ஸ்யூல் முறுக்கலுக்கு நல்லது, நெஞ்செரிச்சல் இருந்தால் வேண்டாம். மென்று விழுங்கிவிடாதீர்கள்.

கடுகு

மருந்தில் கை வைக்கும் முன் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள். வயிற்றுப்போக்கு வகை ஐபிஎஸ் என்று சொல்லப்படுபவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குப் பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாத பிரச்சினை இருக்கிறது. அதற்கு மருந்தே வேறு.

படிக்கட்டு

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டரிடம் கோதுமை விஷயத்தைச் சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஆறு வாரம் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். முதல் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன், சிரிக்காதீர்கள். முதல் வாரம் உப்புசம். இரண்டாவது வாரம் பரவாயில்லை. பிறகு அதை நினைப்பதே இல்லை. சிலியாக் இல்லை என்று முடிவு வந்தது. ரொட்டி இப்போது தட்டில் இருக்கிறது. இத்தனை நாள் எதற்குப் பட்டினி கிடந்தேன் என்று கோபம்தான் வருகிறது.

அரைக்கரண்டி அக்கா சொன்ன மாதிரி அடுத்து பால் எடுத்தேன். அரை டம்ளர் வரை ஒன்றுமில்லை, முழு டம்ளர் என்றால் வயிறு பேசுகிறது. வெங்காயம் மூன்றாம் நாளே முறுக்கிவிட்டது, அது ஒரு குற்றவாளி என்று எழுதி வைத்துவிட்டேன். எடை ஏறத் தொடங்கியிருக்கிறது. அமிட்ரிப்டிலின் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்று டாக்டரே சொன்னார்.

காலைத் தொந்தரவு போகவில்லை. ஆனால் எழும் நேரத்தை முன்னால் தள்ளி, சாப்பிட்டுவிட்டுக் குடலுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கிறேன். இரண்டாவது தடவை போவதைச் சில நாள் தவிர்க்க முடிகிறது, மீட்டிங் நாளில் முடிவதில்லை. உளவியலாளரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் அக்கா. வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான்தானே? வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பூண்டையும் விட்டுவிட வேண்டியதுதானா?

அரைக்கரண்டி

வேண்டாம், தனியாகச் சோதியுங்கள். ஒரே வகை என்றாலும் மூன்றிலும் உள்ள அளவு வேறு, ஒவ்வொன்றையும் நாம் சாப்பிடும் அளவும் வேறு. கோதுமையைத் தாங்குகிறவருக்கு வெங்காயம் ஆகாமல் போவது சர்வசாதாரணம். கால் பல் பூண்டில் ஆரம்பித்து மூன்று நாளில் ஒரு பல் வரை போங்கள். அந்த நாள்களில் பாலை அரை டம்ளரோடு நிறுத்துங்கள், ரொட்டியைக் கூட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் கணக்கு ஏறிவிடும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியில் ஃப்ரக்டான் குறைவு, அதை இப்போதே சேர்க்கலாம். மீட்டிங் இருக்கும் வாரத்தில் பூண்டுச் சோதனை வேண்டாம். முறுக்கினால் பூண்டா மீட்டிங்கா என்று மறுபடி இங்கே வந்து கேட்பீர்கள்.

தேன்சிட்டு

😂 அடுத்த மீட்டிங் எப்போ?

படிக்கட்டு

புதன்கிழமை. பூண்டு வியாழனிலிருந்து.